கிராமத்து ஸ்கூலா டவுன் ஸ்கூலா? கடைக்கு வர்றவங்க கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் வாத்தியார் இல்ல. திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி கேட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ், ஆன்லைன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், பதினோரு வருஷம் ஆச்சு. மார்க் ஷீட், டி.சி, சாதிச் சான்று, ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன்னு இந்தச் சுத்துப்பட்டு ஊர் புள்ளைங்களோட பேப்பர் எல்லாம் என் ஸ்கேனர் வழியா தான் போகும். என் பையனும் எங்க ஊர் யூனியன் ஸ்கூல்ல தான் மூணாவது படிக்கறான், அங்க மேலாண்மைக் குழுவுல நானும் ஒரு மெம்பர். மே, ஜூன் மாசம் ஆனா தினமும் இதே கேள்விங்க தான், வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சிட்டேன். ஒட்டி வச்சிருக்கறத நின்னு படிச்சாலும் சரி, போன்ல அனுப்பிக்கிட்டாலும் சரி.

கவர்மென்ட் ஸ்கூல் பாடம் வேற, மெட்ரிக் பாடம் வேற தான?

இல்லண்ணா. சமச்சீர் கல்வி 2010ல ஒண்ணாவதுக்கும் ஆறாவதுக்கும் வந்துச்சு, அடுத்த வருஷம் கோர்ட் வரைக்கும் போய் 2011ல மத்த கிளாஸுக்கும் வந்துடுச்சு. அன்னையில இருந்து மெட்ரிக் புள்ளையும் நம்ம புள்ளையும் படிக்கறது ஒரே புக்கு, பத்தாவதுல எழுதறது ஒரே கொஸ்டின் பேப்பர். சி.பி.எஸ்.இ மாதிரி போர்டுங்க தான் வேற. ஆனா இன்னைக்கும் மெட்ரிக்ல "ஸ்டாண்டர்ட் ஜாஸ்தி"ன்னு நம்பி வருஷத்துக்கு நாப்பதாயிரம் கட்டறவங்க இருக்காங்க. புக்கு ஒண்ணு தான், அட்டை தான் வேற. அதுவும் அந்த பிரவுன் ஷீட் நம்ம கடையில வாங்கினது தான்.

அப்புறம் எதுக்கு டவுன் புள்ளைங்க மட்டும் நல்லா வருது?

இதுக்கு பெரிய பதில் இருக்கு, உக்காந்து கேளுங்க.

எங்க ஊர் ஸ்கூலையே எடுத்துக்குங்க. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் முப்பத்தாறு புள்ளைங்க, ஹெச்.எம்மோட சேத்து ரெண்டு டீச்சர். சட்டப்படி அது சரி தான், கல்வி உரிமைச் சட்டத்துல அறுபது புள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர்னு தான் இருக்கு. ஆனா கிளாஸ் அஞ்சு! ஒரு ரூம்ல ஒண்ணு, ரெண்டு, மூணு, இன்னொரு ரூம்ல நாலு, அஞ்சு. டீச்சர் ஒரு பக்கம் 'அ'னா எழுதச் சொல்லிட்டு, அந்தப் பக்கம் திரும்பி மூணாவதுக்கு கழித்தல் சொல்லித் தரணும், அதுக்குள்ள ஒண்ணாவது புள்ளைக்கு ஒண்ணுக்கு வந்துடும். இதுல ஹெச்.எம்முக்கு மீட்டிங், ட்ரெய்னிங், எமிஸ்னு கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல அட்டெண்டன்ஸ் ஏத்தறது, சத்துணவு கணக்கு, ஓட்டர் லிஸ்ட் வேலை வேற. அன்னைக்கு ஒரே டீச்சர், அஞ்சு கிளாஸ். போன பிப்ரவரியில ஒரு நாள் நான் போய்ப் பாத்தேன், டீச்சர் அஞ்சாவது படிக்கற ரெண்டு பொண்ணுங்கள குட்டி டீச்சர் ஆக்கிட்டாங்க, அதுங்க கையில ஒரு வேப்பங்குச்சி, ஒண்ணாவதுக்கு ரைம்ஸ் ஓடுது. பாக்க அழகா தான் இருந்துச்சு, ஆனா அந்த ரெண்டு பொண்ணுங்களோட அஞ்சாவது பாடம் என்ன ஆச்சு?

எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் 2022ல கொண்டாந்தாங்களே, அதுல கிளாஸ் பாக்காம புள்ளைக்கு எது தெரியுமோ அங்கருந்து ஆரம்பிக்கறது, அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு. உண்மைய சொல்லணும்னா ரெண்டு டீச்சர் ஸ்கூலுக்கு அது கொஞ்சம் பொருந்திச்சு, ஏன்னா அங்க ஏற்கெனவே எல்லாரும் ஒண்ணா தான உக்காந்திருக்காங்க. கொரோனா முடிஞ்சப்ப நெலமை ரொம்ப மோசம், ஏசர் சர்வே கிராமத்துல மட்டும் எடுக்கறது, 2022ல மூணாவது படிக்கற புள்ளைங்கள்ல ரெண்டாவது பாடத்த படிக்கத் தெரிஞ்சவங்க தமிழ்நாட்டுல நூத்துக்கு அஞ்சு பேர் கூட இல்லன்னு வந்துச்சு. 2024ல பத்த தாண்டிச்சு. ஏறியிருக்கு, ஆனா பத்துங்கறது சந்தோஷப்படற நம்பரான்னு நீங்களே சொல்லுங்க.

டவுன்ல கிளாஸுக்கு ஒரு டீச்சர், சாயங்காலம் டியூஷன், வீட்ல படிச்ச அம்மா. புள்ளையோட மூளையில வித்தியாசம் எதுவும் இல்ல, அத சுத்தி எத்தனை பேர் நிக்கறாங்கங்கறதுல தான் வித்தியாசம்.

டீச்சருங்க ஏன் கிராமத்துல தங்க மாட்டேங்கறாங்க?

எல்லாரும் அப்படி இல்ல. ஆனா வீடு டவுன்ல, அவங்க புள்ளை டவுன் ஸ்கூல்ல, பஸ் ரெண்டு மாறி வரணும். டீச்சருங்க ட்ரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் வந்தா ரோட்டோர ஸ்கூல் மொதல்ல போயிடும், மலை ஓரம் கடைசி வரைக்கும் காலி. ஜவ்வாது மலைப் பக்கம் கேட்டுப் பாருங்க. அங்கயே வருஷக்கணக்கா இருக்கற டீச்சர்களும் இருக்காங்க, அவங்கள பத்தி யாரும் பேசறது இல்ல.

ஆறாவதுல ரெண்டு வருஷம் பிரைவேட்ல போட்டுட்டு அப்புறம் கவர்மென்ட்டுக்கு மாத்திக்கலாமா?

இதுக்கு மட்டும் நான் கொஞ்சம் கோவமா தான் பதில் சொல்லுவேன், காரணம் இருக்கு.

அரசுப் பள்ளி புள்ளைங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. 2020ல டாக்டர் படிப்புக்கு வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், அக்ரி, கால்நடை, மீன்வளம், சட்டம்னு விரிஞ்சுச்சு. இதுல சேர்ந்தா ஃபீஸ் கவர்மென்ட்டே கட்டிடும். ஆனா கண்டிஷன், ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும், ஏழு வருஷமும். நடுவுல ஒரு வருஷம் கூட தப்பக் கூடாது.

ரெண்டு வருஷம் முன்ன ஒரு பொண்ணு, அவங்கப்பா கூட கவுன்சிலிங் ஃபார்ம் போட வந்துச்சு. ப்ளஸ் டூவுல நல்ல மார்க், நீட்டும் எழுதி தேறிடுச்சு, சுமாரான ஸ்கோர், பொதுவுல கெடைக்காது, ஆனா 7.5ல நம்பிக்கை வைக்கலாம். நான் ஒவ்வொரு கிளாஸா டைப் பண்ணிக்கிட்டே வர்றேன், ஆறாவது அரசுப் பள்ளி, ஏழாவதுன்னு கேட்டேன், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அந்த வருஷம் தான் ஊருக்கு புதுசா பிரைவேட் ஸ்கூல் வேன் வந்திருக்கு, எல்லார் வீட்லயும் ஏத்தறாங்கன்னு இவரும் ஏத்தி விட்டிருக்காரு. வருஷ முடிவுல ஃபீஸ் கட்ட முடியல, எட்டாவதுக்கு திரும்பக் கொண்டாந்து விட்டுட்டாரு. "ஒரே வருஷம் தான தம்பி, அத விட்டுட்டு போட முடியாதா"ன்னு கேட்டாரு. டி.சியில இருக்கு, எமிஸ்ல இருக்கு, எங்க விடறது? அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசல, ஸ்டூல்ல உக்காந்து கால் கட்ட வெரலால தரைய கீறிக்கிட்டே இருந்துச்சு. இப்ப நர்சிங் படிக்குது, அதுக்கும் கடன். புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூவா வருமே, அதுக்கும் இதே ஆறுல இருந்து பன்னெண்டு கணக்கு தான், அதுவும் போச்சு.

வேன்ல ஏத்தின அன்னைக்கு இத யாரும் அவருக்கு சொல்லல. ஆறாவது சேக்கும்போதே ஹெச்.எம் ரூம் சுவத்துல பெருசா எழுதி வைக்கணும் இத.

எய்டட் ஸ்கூல் கவர்மென்ட் ஸ்கூல் தான?

7.5க்கு இல்ல. யூனியன், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்பு, பழங்குடியினர் பள்ளி இதெல்லாம் சேரும், அரசு உதவி பெறும் பள்ளி சேராது. மாசம் ஆயிரம் ரூவாக்கு மட்டும், புதுமைப் பெண்ணுக்கும் பசங்களோட தமிழ்ப் புதல்வனுக்கும், எய்டட்ல தமிழ் மீடியம் படிச்சாலும் குடுக்கறாங்க.

ஆர்.டி.இல, அதான் கல்வி உரிமைச் சட்டத்துல, சீட் போட்டா பிரைவேட்ல ஃப்ரீயா படிக்கலாமாமே?

படிக்கலாம், 25 சதவீதம் சீட்டு, எல்.கே.ஜிக்கு, பொருளாதாரத்துல பின்தங்கினவங்கன்னு போட்டா வருமானம் ரெண்டு லட்சத்துக்குள்ள. அப்ளை பண்றவங்க ஜாஸ்தின்னா குலுக்கல். ஆனா வீடு ஸ்கூல்ல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். நம்ம ஊருக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள எந்த பிரைவேட் ஸ்கூல் இருக்கு சொல்லுங்க? அது எல்லாம் பைபாஸ் ஓரத்துல பத்து கிலோமீட்டர் தள்ளி. அதனால இது பேருக்கு எல்லாருக்கும், நெசத்துல டவுன்காரங்களுக்கு. கெடைச்சவங்களுக்கும் புக்கு, நோட்டு, யூனிஃபார்ம், வேன்னு கேப்பாங்க, ஒரு ஸ்கூல்ல எனக்குத் தெரிஞ்ச குடும்பத்துகிட்ட எல்.கே.ஜிக்கே பதினெட்டாயிரம் வாங்கிட்டாங்க. ரசீது கேளுங்க, குடுக்கலன்னா சி.இ.ஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸுக்கு மனு போடுங்க.

ஒரு நல்ல விஷயம், ஆர்.டி.இல எட்டாவது வரைக்கும் படிச்சிட்டு ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா 7.5 கெடைக்கும். இது நெறய பேருக்கு தெரியாது.

தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?

அரசுப் பள்ளியிலயே 2012ல இருந்து இங்கிலீஷ் மீடியம் இருக்கு. பல கிராமத்து ஸ்கூல்ல அது எப்படி நடக்குதுன்னா, ஒரே ரூம், ஒரே டீச்சர், பாதி புள்ளைங்க கையில தமிழ் புக்கு, பாதி கையில இங்கிலீஷ் புக்கு, சொல்லித் தர்றது தமிழ்ல தான். அப்ப இங்கிலீஷ் மீடியம் புள்ளை வீட்டுக்கு வந்து என்ன பண்ணும்? போட்டோசிந்தசிஸ்னு ஸ்பெல்லிங்க மனப்பாடம் பண்ணும், ஒளிச்சேர்க்கைன்னா என்னன்னு கேட்டா முழிக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. டி.என்.பி.எஸ்.சி மாதிரி வேலைகள்ல தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை. 2020ல சட்டத்த திருத்திட்டாங்க, இப்ப ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து டிகிரி வரைக்கும் தமிழ் மீடியம்னு சர்டிஃபிகேட் வேணும். ஒண்ணாவதுல எடுக்கற முடிவு இருவது வருஷம் கழிச்சு வந்து நிக்கும். என் பையன தமிழ் மீடியத்துல தான் போட்டிருக்கேன், இங்கிலீஷ் தனியா நான் சொல்லித் தர்றேன். என் இங்கிலீஷ் எப்படின்னு கடை போர்டு பாத்தவங்களுக்கு தெரியும், பரவால்ல.

பொண்ணு பத்தாவது முடிச்சிடுச்சு, நம்ம ஊர்ல ஹைஸ்கூலோட சரி. ப்ளஸ் ஒன்னுக்கு அனுப்பறதா வேணாமா?

அனுப்புங்கக்கா. எங்க சுத்துல புள்ளைங்க படிப்ப விடற இடமே இந்த ரெண்டு தான், அஞ்சு முடிச்சு ஆறாவதுக்கு பக்கத்து ஊருக்குப் போறப்ப, பத்து முடிச்சு ப்ளஸ் ஒன் போறப்ப. பொண்ணுங்கன்னா ரெண்டாவது. ஆரம்பப் பள்ளி ஒரு கிலோமீட்டர், நடுநிலைப் பள்ளி மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு விதி இருக்கு, மேல போகப் போக தூரம் கூடும், பஸ் கொறையும்.

எங்க ரூட்ல காலையில 7.20க்கு ஒரு டவுன் பஸ், விட்டா 10 மணிக்கு தான் அடுத்தது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வச்சா 6.40 பஸ்ஸுல எறங்கி பொண்ணுங்க ஒண்ணரை கிலோமீட்டர் இருட்டுல நடக்கணும், பாதி தூரத்துக்கு தான் லைட்டு. அப்பா அம்மா பயப்படறதுல தப்பு சொல்ல முடியாது. ப்ளஸ் ஒன்ல சைக்கிள் குடுப்பாங்க, ஆனா சில வருஷம் அது வந்து சேர்றதுக்குள்ள பாதி வருஷம் ஓடிடும். ஊர்ல நாலு பொண்ணுங்க ஒண்ணா போற மாதிரி பேசி வைங்க. இல்லன்னா அரசு விடுதி, பி.சி, எம்.பி.சி, ஆதிதிராவிடர் நல விடுதின்னு இருக்கு, ஜூன்லயே அப்ளை பண்ணணும்.

க்ரூப் விஷயம் பாத்துக்குங்க. சின்ன மேல்நிலைப் பள்ளியில ரெண்டு மூணு க்ரூப் தான் இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணும்னு ஆசைப்பட்ட புள்ளைய, இங்க இல்லன்னு வொக்கேஷனல்ல உக்கார வச்சிடுவாங்க. டவுன் புள்ளை புடிச்சத எடுக்குது, நம்ம புள்ளை இருக்கறத எடுக்குது. ப்ளஸ் ஒன் பப்ளிக் எக்ஸாம் மட்டும் 2025–26ல இருந்து இல்ல, அது ஒரு நிம்மதி.

ஸ்காலர்ஷிப் என்னென்ன இருக்கு?

எட்டாவதுல என்.எம்.எம்.எஸ்னு மத்திய அரசு ஸ்காலர்ஷிப் தேர்வு. அரசு, எய்டட் ரெண்டும் எழுதலாம், வருமானம் மூணரை லட்சத்துக்குள்ள, தேறினா ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருஷம் 12,000. ஒம்பதாவதுல ஊரகத் திறனாய்வுத் தேர்வு, ட்ரஸ்ட்னு சொல்லுவாங்க, இது கிராமத்துக்கும் பேரூராட்சிக்கும் மட்டுமே, மாவட்டத்துக்கு 50 பையன் 50 பொண்ணு. தொகை வருஷத்துக்கு 1,000 தான், இந்தக் காலத்துல ஆயிரம் என்னத்துக்கு ஆகும், ஆனா அந்த பரீட்சை எழுதின புள்ளை அடுத்த பரீட்சைக்கு பயப்படாது. ப்ளஸ் ஒன்ல முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, அரசுப் பள்ளிக்கு மட்டும், 1,000 பேர் எடுப்பாங்க, டிகிரி முடியற வரைக்கும் வருஷம் 10,000.

என் கடைல நான் பாக்கறது என்னன்னா, ஒரே ஒரு டீச்சர் ஆர்வமா இருக்கற ஸ்கூல்ல வருஷம் அஞ்சாறு புள்ளை என்.எம்.எம்.எஸ் தேறும், பக்கத்து ஸ்கூல்ல அப்ளிகேஷனே போட்டிருக்க மாட்டாங்க. தேறினப்புறமும் பணம் வராத புள்ளைங்க உண்டு, பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் லிங்க் இருக்காது, இல்லன்னா ஆதார்ல 'கார்த்திகேயன்' ஸ்கூல்ல 'கார்த்திக்'. இத மொதல்ல சரி பண்ணுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க.

அப்ப டவுன் கவர்மென்ட் ஸ்கூல்ல எல்லாம் சூப்பரா இருக்குமா?

எங்க சின்ன மாமா சென்னையில இருக்காரு, அவர்கிட்ட கேட்டா சிரிப்பாரு. டவுன்ல டீச்சர் இருப்பாங்க, லேப் இருக்கும், ஆனா கிரவுண்டு இருக்காது, கிளாஸ்ல அறுபது எழுபது பேர். கூவம், அடையாறு ஓரத்துல குடிசை போட்டிருந்தவங்கள பெரும்பாக்கம், கண்ணகி நகர்னு கொண்டு போய் விட்டாங்களே, வருஷ நடுவுல தூக்கிட்டுப் போனதுல எத்தனை புள்ளைங்களுக்கு ஸ்கூல் விட்டுப் போச்சு, பழைய ஸ்கூலுக்கே விடியக்காலையில பஸ் ஏறின புள்ளைங்க எத்தனை. டவுன்ல ஏழைப் புள்ளைக்கு ஸ்கூல் பக்கத்துல தான் இருக்கு, வீடு தான் நகர்ந்துக்கிட்டே இருக்கு. திருப்பூர், திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளை, பனியன் கம்பெனிக்கு வர்ற ஒடிசா, பீகார் குடும்பத்துப் புள்ளைங்க தமிழே தெரியாம முன் பெஞ்சுல உக்காந்திருக்கும். அதுவும் டவுன் ஸ்கூல் கணக்கு தான்.

எங்க பக்கம் அதுக்கு நேர் எதிரு. வேலை தேடி கரும்பு வெட்டவும், காபி எஸ்டேட்டுக்கும் போறவங்க புள்ளையயும் கூட்டிட்டுப் போயிடுவாங்க, மூணு மாசம் கழிச்சு வந்தா அந்தப் புள்ளைக்கு பாடம் எங்க நிக்குதுன்னே தெரியாது.

காலைச் சாப்பாடு நல்லா இருக்கா?

இருக்கு. 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் வந்துச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். மதியச் சாப்பாடு காமராஜர் காலத்துல இருந்தே இருக்கு, 1982ல எம்.ஜி.ஆர் பெருசாக்கினாரு, ஆனா காலையில வெறும் வயித்தோட வர்ற புள்ளை மதியம் வரைக்கும் எதக் கேக்கும்? எங்க ஊர்ல எல்லாரும் ஆறு மணிக்கே நாத்து நட, களை எடுக்க கெளம்பிடுவாங்க, புள்ளைங்க பழைய சோறு இருந்தா தின்னும், இல்லன்னா இல்ல. இப்ப எட்டரைக்கே கேட் முன்னாடி நிக்குதுங்க. பொங்கல் போடற அன்னைக்கு ஒரு புள்ளையும் லீவு போடாது.

நீட் கோச்சிங் இல்லாம நம்ம புள்ளை டாக்டர் ஆக முடியுமா?

7.5 வந்ததுக்கு முன்ன, 2017ல இருந்து 2019 வரைக்கும், அரசுப் பள்ளியில இருந்து சீட் வாங்கினவங்கள வெரல் விட்டு எண்ணிடலாம். 2020ல சுமார் 400 பேர். ஆனா அந்த 400 பேருக்குள்ளயும் ரிப்பீட்டர்ஸ் இருக்காங்க, அதாவது ஒரு வருஷம் வீட்ல உக்கார வச்சு கோச்சிங் அனுப்ப முடிஞ்ச குடும்பம். எங்கள மாதிரி ஊர்ல, பன்னெண்டு முடிச்ச புள்ளைய இன்னொரு வருஷம் சும்மா வைக்கறதுங்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல, பொண்ணுன்னா அதுக்குள்ள மாப்ள பாத்துடுவாங்க. மாவட்டத்துக்கு ஒரு அரசு மாதிரிப் பள்ளி இருக்கு, தங்கிப் படிக்கறது, அதுல கெடைச்சா விட்டுடாதீங்க, அங்கருந்து ஐ.ஐ.டி, என்.ஐ.டிக்கே போறாங்க. இன்ஜினியரிங்கு 2007ல இருந்து நுழைவுத் தேர்வு இல்ல, ப்ளஸ் டூ மார்க் தான், அது நம்ம புள்ளைங்களுக்கு இன்னும் தெறந்திருக்கற கதவு.

கிராமத்து ஸ்கூல்ல ஜாதிப் பிரச்சனை இருக்கா?

இருக்கு. இல்லன்னு சொன்னா பொய். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிக்கற பசங்களே ஒரு பையன வீடு புகுந்து வெட்டினாங்க, அவன் தங்கச்சியயும். அதுக்கப்புறம் தான் நீதிபதி சந்துரு கமிட்டி போட்டாங்க, 2024ல அறிக்கை குடுத்தாரு, கையில கலர் கயிறு கட்டறத தடுக்கணும்னு அதுல இருக்கு. என் கடைக்கு வர்ற பசங்க கையப் பாத்தாலே எந்தத் தெருன்னு சொல்லிடலாம். நான் ஒண்ணும் கேக்கறது இல்லதான், ஆனா கேக்காம இருக்கறதும் ஒரு தப்புன்னு ராத்திரி தோணும்.

புள்ளைங்க கொறைஞ்சுட்டா நம்ம ஸ்கூல மூடிடுவாங்களா?

நேரா மூடமாட்டாங்க. வேன் வரும், நாலு புள்ளை போகும், இருக்கற புள்ளைங்களுக்கு டீச்சர் அதிகம், சர்ப்ளஸ்னு ஒரு டீச்சர மாத்துவாங்க, டீச்சர் இல்லையேன்னு இன்னும் ஆறு போகும். ஊர்லயும் பொறக்கற புள்ளையே கொறஞ்சு போச்சு.

எஸ்.எம்.சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துக்கு போனா என்ன பிரயோஜனம்?

டீ, பிஸ்கெட் கெடைக்கும். சும்மா சொன்னேன். முக்கால்வாசி மெம்பர் பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேர் பொம்பளைங்களா இருக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, அங்க போடற தீர்மானம் ஆப்ல ஏறும், மேல போகும். எங்க கூட்டத்துல மொதல்ல ஒரு வருஷம் யாரும் வாயத் தொறக்கல, வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் நூறு நாள் வேலைக்கு போற ஒரு அக்கா எழுந்து, "பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம்ல தாப்பாளு இல்லைங்க, ஒருத்தி வெளிய நின்னு கதவப் புடிச்சுக்குது"ன்னாங்க. ஹெச்.எம்முக்கே அது தெரியல. அடுத்த வாரம் தாப்பாள் வந்துச்சு, நூத்தம்பது ரூவா.

இப்ப அவங்க பஸ் டைம மாத்தச் சொல்லி மனு எழுதித் தரச் சொல்லியிருக்காங்க, 7.20 பஸ்ஸ 8 மணிக்கு விடணும்னு. டைப் பண்ணி வச்சிருக்கேன். இருவத்தி மூணு கையெழுத்து ஆயிடுச்சு, கடைப் பக்கம் வர்றவங்க ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க.